எட்டு வயது மடிக்கணினிக்கு என்ன வைத்தியம்?

கணினி கேள்வி – பதில்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் நெருங்கினால் பரணிலும் அலமாரியிலும் உறங்கிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் கீழே இறங்கிவிடும் என்பதை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "மடிக்கணினி மிகவும் மெதுவாக இருக்கிறது" என்றே தொடங்குகின்றன. ஆனால் ஊன்றிப் படித்தால் ஒவ்வொன்றிலும் காரணம் வேறு. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன், அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் கொடுத்து இரண்டு முறை ஃபார்மட் அடித்து வாங்கினேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு பழைய கதைதான். இன்னொரு கடையில், "இதற்குச் செலவு செய்வது வீண், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: புதிதாக வாங்க வேண்டாம், அம்மா. ஃபார்மட் அடித்தால் ஒரு மாதம் ஓடுகிறது என்ற வரியிலேயே நோய் இன்னதென்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஆனாலும் என் ஊகத்தை நம்பிப் பணத்தை எடுக்காமல், ஒரு சோதனையை நீங்களே செய்து பாருங்கள்.

கணினியைப் போட்டு, திரை வந்த உடனே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறு பெட்டியாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று தலைப்புகளுக்கு மேலே சதவீதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். சிபியு பத்து, பதினைந்து என்று சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 என்று சிவந்து நின்று இறங்க மறுக்கிறது என்றால், அந்தக் கணினியின் மூளைக்கு, அதாவது சிபியு எனப்படும் ப்ராசஸருக்கு, ஒன்றும் ஆகவில்லை; கேட்ட பொருள் வந்து சேராமல் அது காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் வீட்டுக் கணினியில் இதைத்தான் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

ஏன் அப்படி? மடிக்கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5400 சுற்றுச் சுற்றுபவை. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. தேவையான தகவல் இருக்கும் வட்டத்திற்கு வாசிக்கும் முனை நகர்ந்து போவதற்கு ஏறக்குறைய 10 மில்லி நொடி, அந்த இடம் சுழன்று முனைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, ஆக ஒரு துண்டை எடுத்துத் தர 15 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடுகிறது. நொடிக்கு அறுபது துண்டுதான். ஒரு திரைப்படத்தை வரிசையாக வாசிக்கும்போது நொடிக்கு 100 எம்பி வரை தரும் அதே டிஸ்க், 4 கேபி அளவுத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்குக் கால் எம்பி தருவதற்கே திணறும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதெல்லாம் அப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைத்தான். பெரிய மளிகைக் கடையில் பரண் ஏறிச் சரக்கு எடுக்க ஒரே ஒரு பையன் இருக்கிறான். ஒரு மூட்டை அரிசியைக் கேட்டால் ஒரே ஏற்றத்தில் இறக்கிவிடுவான். சீட்டில் அறுபது சில்லறைச் சாமான்கள் இருந்தால் அறுபது முறை ஏறி இறங்க வேண்டும். அந்தப் பையன் சோம்பேறி இல்லை. அவனைத் திட்டிப் பயனில்லை.

ஃபார்மட் அடித்ததும் ஏன் நன்றாக ஓடுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் கோப்புகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் கூடவே எழுந்திருக்கும் மென்பொருள்களும் குறைவு. நாளாக ஆக, விண்டோஸ் தன் மேம்பாடுகளை இறக்கிக்கொள்கிறது, ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் துழாவுகிறது, தேடலுக்கான அட்டவணையை ஒரு சேவை பின்னணியில் எழுதிக்கொண்டே இருக்கிறது, பிரிண்டருக்கும் கைப்பேசிக்கும் போட்ட உதவி மென்பொருள்கள் அழையாத விருந்தாளிகளாகக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சீட்டில் சாமான் பட்டியல் நீள்கிறது. பையன் அதே ஒருவன்தான்.

ஆகவே, மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க்கை. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் பொருத்த வேண்டும். அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டையும் ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துத் தந்துவிடும். என் மேசையில் 2013-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று உள்ளது. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும் வரை முன்பு நான்கு நிமிடத்திற்கு மேல். பின்பு அரை நிமிடத்திற்குள். ப்ராசஸர் அதேதான், ராமும் அதேதான்.

கடையில் கேட்கும்போது "இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி" என்று கேளுங்கள். 7 மில்லிமீட்டர் தடிமனில் வரும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். 240 அல்லது 256 ஜிபி உங்கள் தேவைக்குப் போதும். சில மடிக்கணினிகளில் பபுள்கம் பட்டை போன்ற எம்.2 வகையைப் பொருத்தவும் இடம் இருக்கும், ஆனால் எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகைகள் உண்டு, ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று பெரும்பாலும் வேலை செய்யாது. கீழ் மூடியைத் திறந்து பார்க்காமல் அதை வாங்க வேண்டாம். பெயர் தெரியாத நிறுவனத்தின் 2 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் கிடைக்கிறதே என்று கேட்டும் சிலர் எழுதியிருக்கிறார்கள். நம்ப முடியாத விலை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, பிறகு ஏன் நம்ப வேண்டும்?

மாற்றுவதற்கு முன் ஒரு கட்டாய வேலை உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்றிருந்தால் சரி. மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்றிருந்தால் அந்த டிஸ்க்கில் பழுதான பகுதிகள் தோன்றத் தொடங்கிவிட்டன. அதுவே மெதுவுக்கும் ஒரு காரணமாக இருக்கும். அப்போது வேறு எதையும் செய்யாமல் முதலில் மகளின் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கை மாற்றும்போது பழையதை அப்படியே நகலெடுக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்வதே நல்லது. உரிமம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது; அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்க் 100 என்று நிற்பதற்கு ராம் (டாஸ்க் மேனேஜர் மெமரி என்று காட்டும் தற்காலிக நினைவகம்) பற்றாக்குறையும் காரணமாகலாம். ராம் நிரம்பினால் விண்டோஸ் கொஞ்சத்தைத் தூக்கி டிஸ்க்கில் வைக்கும், பிறகு திரும்ப எடுக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 85, 90 என்று இருந்தால், எஸ்எஸ்டியோடு இன்னொரு 4 ஜிபி ராமையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் இடம் காலியாக இருக்கிறது. அங்கேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், தேவையில்லாமல் விடிந்ததும் எழுபவற்றை 'டிஸேபிள்' செய்யலாம்; செலவில்லாத வைத்தியம் அது. ஆனால் தமிழ்த் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டரையோ அழகியையோ அந்த வேகத்தில் நிறுத்திவிட்டு, "தமிழ் வரவில்லை" என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனம் வழியாக வந்த மடிக்கணினிகளைத் திறந்து பார்த்த வகையில் சொல்கிறேன்: கீழ் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றத் தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை.

கேள்வி: 4 ஜிபியாக இருந்த ராமை 8 ஜிபி ஆக்கினேன். வேகத்தில் வித்தியாசமே இல்லை. சிஸ்டம் விவரத்தில் 8 ஜிபி என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 3.2 ஜிபி மட்டுமே பயன்படுத்தக்கூடியது என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– மாணவர், பரமக்குடி

பதில்: ராமில் ஏமாற்று இல்லை, 8 ஜிபியும் உள்ளே இருப்பதால்தான் அந்த எண்ணைக் காட்டுகிறது. உங்கள் கணினியில் போட்டிருப்பது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டால் எண்ணக்கூடிய முகவரிகள் 4 ஜிபியோடு முடிந்துவிடும். அதிலும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் முதலியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் உங்களுக்குத் தரும். அதே வரிக்குக் கீழே 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 'எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்' என்றிருந்தால், 64 பிட் விண்டோஸ் போட முடியும். ஆனால் 32-லிருந்து 64-க்கு மேம்படுத்திச் செல்ல வழியில்லை. கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுப் புதிதாகவே போட வேண்டும்.

ராம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். டிடிஆர்3 என்பதும் டிடிஆர்3எல் என்பதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். எல் வகையை மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் மற்றதைப் போட்டால் கணினி எழவே எழாது. பழைய ராமைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எல்லாவற்றிலும் பத்திரம்.

கேள்வி: திருமண அழைப்பிதழ், காலண்டர் வடிவமைப்பு செய்கிறேன். மடிக்கணினி பழையது என்றாலும் எஸ்எஸ்டி போட்டாகிவிட்டது, ராமும் 8 ஜிபி. விண்டோஸ் உடனே வந்துவிடுகிறது. ஆனால் கோரல்டிரா திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. எழுத்துரு பட்டியலைச் சொடுக்கினால் அப்படியே உறைந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 3 சதவீதம்தான். வேறு என்ன குறை?
– வடிவமைப்பாளர், சிவகாசி

பதில்: உங்கள் கடிதம் வந்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. டிஸ்க் எவ்வளவு என்று பார்த்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

'சி' டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து கீழே எத்தனை உருப்படிகள் என்று பாருங்கள். புதிய விண்டோஸில் சில நூறுதான் இருக்கும். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் கணினிகளில் அது மூவாயிரத்தைத் தாண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நண்பர் ஒருவரின் அச்சகத்தில் அந்தக் கோப்புறையைத் திறந்தபோது ஒரே தமிழ் எழுத்துரு நான்கு பெயர்களில் இருந்தது. ஒரு பெயரின் கடைசியில் 'புதியது', இன்னொன்றின் கடைசியில் 'புதியது 2'. எவரோ ஒரு சிடியில் கொடுத்ததை மொத்தமாகத் தேர்ந்து 'இன்ஸ்டால்' அடித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் இன்னொருவர் இன்னொரு சிடி கொடுத்திருக்கிறார். பாமினி, வானவில் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்து கொண்டுவருவதால் வடிவமைப்பாளருக்கு வேறு வழியும் இல்லை என்பதை அறிவேன். குறை உங்களிடம் இல்லை. தமிழ் எழுத்துரு வரலாறு அப்படி.

வடிவமைப்பு மென்பொருள் திறக்கும்போது நிறுவப்பட்ட எழுத்துருக்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திக்கொள்கிறது. பட்டியலைச் சொடுக்கினால் ஒவ்வொன்றையும் அதனதன் உருவத்தில் வரைந்து காட்ட முயல்கிறது. கோப்பு கெட்டுப்போன எழுத்துரு ஒன்று நடுவில் இருந்தால் அங்கேயே தடுக்கி நிற்கும். எனவே, 'எழுத்துருக் கிடங்கு' என்று டி டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி, ஃபான்ட்ஸ் கோப்புறையில் உள்ள அத்தனையையும் முதலில் அதில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அன்றாடம் புழங்கும் நூறு, நூற்றைம்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். நீக்கும்போது விண்டோஸோடு வந்தவற்றில் கை வைக்கக் கூடாது. செகோ யூஐ போனால் திரையே அலங்கோலமாகும். நிர்மலா யூஐ, லதா இரண்டும் யூனிகோட் தமிழுக்கு வேண்டும். பழைய வேலை ஒன்றைத் திறக்கும்போது எழுத்துரு இல்லை என்று கேட்டால், அந்த ஒன்றை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்துப் போடுங்கள். முடிந்துபோன அழைப்பிதழ்களை எழுத்தை வளைகோடுகளாக மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொண்டால் அந்தத் தேவையும் குறையும். ஆனால் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், மூத்த மகன் திருமணத்துக்கு அடித்த அழைப்பிதழையே இளையவனுக்கும் மாற்றிக் கேட்டு வருவார்கள்.

கேள்வி: என் மடிக்கணினி முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது. பிறகு ஃபேன் இரைச்சலோடு ஆமையாகிவிடுகிறது. வெயில் காலத்தில் இன்னும் மோசம். வைரஸாக இருக்குமா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: வைரஸ் வெயில் பார்த்து வருவதில்லை. இது சூடு.

ப்ராசஸர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவைச் சொடுக்கினால் 'ஸ்பீட்' என்று ஒன்று காட்டும். போட்டவுடன் 2.4 என்றிருப்பது கால் மணி நேரம் கழித்து 0.8 என்று இறங்கியிருந்தால் ஐயமே வேண்டாம். மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் கையை வைத்துப் பாருங்கள்; ஃபேன் இவ்வளவு கத்தியும் காற்று வரவில்லை என்றால் உள்ளே அடைத்திருக்கிறது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் முடியும் சேர்ந்து, தலையணைப் பஞ்சு போல ஒரு பட்டை படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, இன்னும் உள்ளே போய் இறுகும். மூடியைத் திறந்து, ஃபேனைக் கழற்றி, அந்தப் பட்டையைக் கையால் உரித்து எடுக்க வேண்டும். அப்படியே ப்ராசஸர் மீதுள்ள காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். எந்த சர்வீஸ் கடையிலும் செய்யக்கூடிய எளிய வேலை. ஹார்ட் டிஸ்க்கையோ ராமையோ மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். விடுதிக் கட்டிலில் மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். காற்று இழுக்கும் துளை அடியில்தான் இருக்கிறது. ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தாலே பாதிக் குறை தீரும்.

திறக்கும்போது பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு சொடுக்க மறுத்தாலோ, அடி மூடி சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. அன்றே கழற்றிவிட வேண்டும்.

சூடும் இல்லை, போட்ட முதல் நிமிடத்திலிருந்தே வேகம் 0.4 அல்லது 0.8 என்று அசையாமல் நிற்கிறது என்றால் சார்ஜரைப் பாருங்கள். சில நிறுவனங்களின் மடிக்கணினிகள், தங்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால், போதிய மின்சாரம் வராது என்று கருதி ப்ராசஸரை அடித்தளத்திலேயே கட்டிப்போட்டுவிடும். விலை குறைவு என்று வாங்கிய போலி சார்ஜர், நடுவில் உள்ள மெல்லிய முள் வளைந்துபோன பின் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். நானே ஒரு முறை இரண்டு நாள் விண்டோஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் சார்ஜரைப் பிடுங்கியதும் கணினி துள்ளி ஓடியதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

கேள்வி: திடீரென்று திரையில் "உங்கள் கணினி மெதுவாக உள்ளது, 1,200 பிழைகள் உள்ளன" என்று வந்து ஒரு தொலைபேசி எண்ணும் தருகிறது. அழைத்துப் பேசலாமா? இத்தகைய சுத்தம் செய்யும் மென்பொருள்களில் எது நல்லது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அழைக்காதீர்கள். அது உங்கள் கணினி சொல்வதன்று. பிரவுசரில் திறந்த ஏதோ ஒரு பக்கம் சொல்வது. அழைத்தால், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் சொல்லி, உங்கள் திரைக்குள் வந்து, கடைசியில் வங்கிக் கணக்கில் முடிப்பார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.

விண்டோஸின் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) சுத்தம் செய்கிறேன், ராமைக் கூட்டுகிறேன் என்று வரும் மென்பொருள்களில் நான் பரிந்துரைக்கும்படியாக ஒன்றும் இல்லை. ராமைக் 'காலி' செய்பவை செய்வதெல்லாம், நாளைக்கு வேண்டுமே என்று விண்டோஸ் எடுத்து வைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தேட வைப்பதுதான். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' போய்த் தற்காலிகக் கோப்புகளை அழித்தாலே போதும். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது.

கேள்வி: ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் உள்ள மடிக்கணினி. எஸ்எஸ்டி போட்டு நன்றாகவே ஓடுகிறது. விண்டோஸ் 11-க்கு இது தகுதியில்லை என்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவும் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடலாம் என்கிறார் மகன். வாடகை வீட்டுக் கணக்கு, தமிழ்த் தட்டச்சு, யூடியூப், வருமான வரிப் படிவம், இவ்வளவுதான் என் பயன்பாடு.
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. இந்தச் சோதனையை ஏமாற்றிப் போட வழி உண்டு. சர்வீஸ் கடைகளில் கேட்காமலேயே போட்டும் தருகிறார்கள். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு மேம்பாடுகள் வரும் என்ற உறுதி இல்லை, ஆண்டுப் பெரும் பதிப்பு வரும்போது அதே வித்தையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வங்கிப் பரிவர்த்தனை செய்யும் கணினிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

உங்கள் மகன் சொல்வது சரி. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். உங்கள் நான்கு வேலைகளில் இரண்டு பிரவுசரிலேயே முடிபவை. கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற வசதியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தும். விண்டோஸ் பழகிய கைக்குக் கீழே இடது மூலையில் அதே இடத்தில் மெனுவும் இருக்கும். நிறுவுவதற்கு முன், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதி அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். எஸ்எஸ்டியில் ஒன்றும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பென் டிரைவிலிருந்து இயங்கும்போது சற்று மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடைபோட வேண்டாம்.

இதே கடிதத்தைப் படித்துவிட்டு, டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்களும் ஓடிப்போய் லினக்ஸ் போட்டுவிட வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டோக்கனை லினக்ஸில் பழக்குவது ஒரு தனிப் போராட்டம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய வேலைகள் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே விடை.

கேள்வி: எஸ்எஸ்டி போட்ட பிறகு, கழற்றிய பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: கொடுக்காதீர்கள். ஆதார் நகல், குடும்பப் படங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கோப்புகளை அழித்தாலும் பெயர்தான் போகும், உள்ளடக்கத்தை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே உண்டு. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி 3.0 உறை ஒன்றை வாங்கி அதில் போட்டு வெளிப்புறச் சேமிப்பகமாக வைத்துக்கொள்ளுங்கள். படங்களின் பிரதியை வைக்க அதன் வேகம் தாராளம்.

விற்றே ஆக வேண்டும் என்றால், அந்த உறையில் வைத்தே கணினியில் இணைத்து, வலது சொடுக்கி 'ஃபார்மட்' தேர்ந்து, 'குயிக் ஃபார்மட்' என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க்கில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவுகள் தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சுழியத்தை எழுதிக்கொண்டே போவதால் 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும், யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். இரவு சாப்பிட்டுவிட்டுத் தொடங்கி, 'ஸ்லீப்' ஆகாமல் இருக்கும்படி அமைத்துவிட்டுப் படுங்கள்.